கோயமுத்தூர் சிறுவாணி ரோட்டுல சைக்கிளா காரா, கை வெக்கற அளவுக்கு போயிருச்சுங்க

பேரூர்_பெடல் | ஞாயிறு மதியம் 12.10

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோவம் இன்னும் அடங்கல, எழுத்துல சூடு இருந்தா கண்டுக்காதீங்க. நாங்க நாலஞ்சு பேரு ஞாயித்துக்கெழமையானா வெடியால கெளம்பி மாதம்பட்டி, ஆலாந்துறை வழியா இருட்டுப்பள்ளம் வரைக்கும் சைக்கிள்ல போயிட்டு வர்றது வழக்கம், இன்னைக்கு திரும்பி வரும்போது ஆலாந்துறைக்கு இந்தப்பக்கம் ஒரு வெள்ளைக் கார் பின்னாடி வந்து ஆரன் அழுத்தறான் அழுத்தறான் கைய எடுக்கவே இல்ல, எதுக்க பஸ் வருது, எங்களுக்கு இடது பக்கம் தாரு முடிஞ்சு அரை அடி பள்ளம், அதுல எறங்குனா சைக்கிள் ரிம்மும் போகும் நம்ம மூஞ்சியும் போகும், அப்ப நாங்க எங்கதான் போறது? பஸ் போன ஒடனே எங்களை ஒரசீட்டே போனான், அவன் கண்ணாடி முன்னாடி போன பையன் முழங்கைல பட்டுருச்சு, அவனும் வலியில கார் டிக்கில ஓங்கி ஒரு தட்டு தட்டீட்டான். அவ்வளவுதான், கொஞ்சம் தள்ளி காரை குறுக்க நிறுத்தி எறங்கி வந்தான். மொதல் வார்த்தையே "ரோட்டு வரி கட்டறயாடா நீயி".

அப்பறம் சட்டையப் புடிச்சு இழுத்து, கெட்ட வார்த்தை, இவனும் திருப்பி பேச, டீக்கடைல இருந்தவங்க வந்து வெலக்கி உட்டாங்க. டீக்கடைக்கார அண்ணன் மட்டும் இல்லீன்னா இன்னைக்கு ஒருத்தன் ஆஸ்பத்திரில ஒருத்தன் ஸ்டேசன்ல.

இப்படி ஆனா நாம என்ன பண்றதுங்க? கம்ப்ளைண்ட் குடுத்தா எடுப்பாங்களா? சைக்கிள்காரனுக்கு சட்டத்துல எதாச்சும் இருக்குதா இல்லையா?

கவுண்டம்பாளையம்_கார் | ஞாயிறு மதியம் 12.48

அடிச்சது தப்பு, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா உங்க கதைய மட்டும் கேட்டா போதாதுங்க. நானும் அந்த ரோட்டுல போறவந்தான். உங்க ஆளுக ரெண்டு ரெண்டு பேரா, சில நேரம் மூணு பேரா ஜோடி போட்டு பேசிக்கிட்டே போறாங்க, பின்னாடி பத்து வண்டி நிக்கறது தெரிஞ்சும் திரும்பிக்கூட பாக்கறதில்ல. காதுல வேற அந்த இயர்போனு. சிக்னல்ல நாங்க நிக்கறோம், நீங்க சைடுல பூந்து செவப்புலயே தாண்டிப் போறீங்க. வடகோவை சிக்னல்ல நின்னு பாருங்க தெரியும். லட்ச ரூபா சைக்கிள் வாங்குனா ரோடே உங்களுதா? எங்கம்மாவ வண்டில வெச்சுட்டு அவசரமா போகும்போது முன்னாடி இப்படி ஒரு ஊர்வலம் போனா எனக்கும் ஆரன் அடிக்கத்தான் தோணும்.

மொபட்_மாப்ள | ஞாயிறு மதியம் 12.55

அடுத்து ஹெல்மெட் போடாத எக்ஸ்எல் காரன தான் ரெண்டு பேரும் ஒட்டுக்கா திட்டுவீங்க, நான் முன்னாடியே சொல்லிக்கறேன் நான் ஒதுங்கியே போறனுங்க சாமி

பேரூர்_பெடல் | ஞாயிறு மதியம் 1.15

> கவுண்டம்பாளையம்_கார்: ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டு

அகலமான ரோட்டுல எட்டு பேரு நீட்டுக்கு ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் போனா நீங்க தாண்டறதுக்கு எவ்வளவு நீளம் வேணும்னு யோசிங்க, ரெண்டு ரெண்டா போனா பாதி தூரத்துல தாண்டிரலாம், இத எல்லா கிளப்லயும் சொல்லித்தான் குடுப்பாங்க. சின்ன ரோட்டுல ரெண்டு பேரா போறது லொள்ளுதான், ஒத்துக்கறேன். சிக்னல் தாண்டறவன நானும் திட்டத்தான் செய்றேன். ஆனா அதுக்காக ஒரசறதா? உங்களுக்கு அது பத்து செகண்டு, எனக்கு அது எலும்பு.

வெள்ளகோவில்_வக்கீல் | ஞாயிறு மதியம் 2.30

சட்டத்த கேட்டதால சொல்றேன். மோட்டார் வாகன சட்டம் 1988ல சைக்கிள் மோட்டார் வாகனமே இல்ல, அதனால லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஆர்.சி. எதுவும் தேவையில்ல. அதுக்காக சைக்கிள்காரன் என்ன வேணாலும் பண்ணலாம்னு அர்த்தமில்ல, பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது புது குற்றச் சட்டம், 281ல (பழைய இந்திய தண்டனைச் சட்டம் 279) "எந்த வாகனமும்"னு தான் இருக்கு, சைக்கிள்ல கண்ணுமண்ணு தெரியாம போயி ஒருத்தர் மேல ஏத்துனாலும் கேஸ் தான்.

கார்காரருக்கு: 2017 டிரைவிங் ரெகுலேசன்ல நடந்து போறவங்க, சைக்கிள்ல போறவங்க, கொழந்தைங்க, வயசானவங்க இவங்க விசயத்துல தனி கவனம் எடுக்கோணும்னு தெளிவா போட்டிருக்கு. ஆபத்தா ஓட்டுனா மோட்டார் வாகன சட்டம் 184, மொத தடவைக்கு 1000லருந்து 5000 வரைக்கும் அபராதம், ஜெயிலும் உண்டு. குறுக்க நிறுத்தி தடுத்தா நியாய சன்ஹிதா 126, கெட்ட வார்த்தைக்கு 296, கை வெச்சதுக்கு 115, மெரட்டுனா 351. இது எல்லாம் ஒரே மனுசன் ஒரே அஞ்சு நிமிசத்துல பண்ணியிருக்காரு.

ஆனா டிக்கில தட்டுன தம்பி இருக்காரே, கார்ல சொட்டை விழுந்திருந்தா அவரு மேலயும் சொத்துக்கு சேதம்னு எதிர் கேஸ் வரும். ஸ்டேசன்ல ரெண்டு பக்கமும் உக்கார வெச்சு சமாதானம் பேசி அனுப்பறது இதனாலதான். வண்டிய தட்டாதீங்க, நம்பர தட்டுங்க செல்போன்ல.

கவுண்டம்பாளையம்_கார் | ஞாயிறு மதியம் 2.41

நம்பர் பாக்கலாமுங்க வக்கீலய்யா, சைக்கிளுக்கு எங்க நம்பர் இருக்குது? அவன் என் கார கீறிட்டு போனா நான் யாரப் போயி தேடறது?

கரட்டுமேடு_தாத்தா | ஞாயிறு மதியம் 3.20

ஒரு காலத்துல இருந்துச்சுங்க தம்பி. பஞ்சாயத்துல வரி கட்டி தகர வில்லை வாங்கி சைக்கிள்ல மாட்டோணும், இல்லீன்னா புடிப்பாங்க. ராத்திரில டைனமோ லைட்டு எரியலீன்னா எறங்கி தள்ளீட்டுப் போ, டபுள்ஸ் போனா காத்த புடுங்கி உட்ருவாங்க. எங்கப்பாரு சூலூர் சந்தைக்கு போறப்ப வில்லைய மறந்துட்டு இட்டேரி (ரெண்டு பக்கம் வேலி போட்ட காட்டுத் தடம்) வழியாவே சுத்திப் போனாருன்னு கதை சொல்லுவாரு. இப்ப இட்டேரியும் இல்ல, ரெண்டு பக்க வேலியும் போயி சைட் போட்டு வித்துட்டாங்க. முன்ன காட்டுல இருந்து ஊருக்கு வர்றவன் மெயின் ரோட்டயே மிதிக்காம வந்துருவான், இப்ப பால் ஊத்தற சொசைட்டிக்கு போறதுக்கும் பஸ்சும் லாரியும் ஓடற தடத்துலதான் போகோணும். சண்டை வராம என்ன பண்ணும்.

பேரூர்_பெடல் | ஞாயிறு மாலை 4.05

அந்த ரோட்டு வரி விசயம் எனக்கு இன்னும் ஆறல. என்ற ஊட்லயும் கார் நிக்குது, அதுக்கு வாங்கும்போதே ஆயுசு வரி கட்டியாச்சு, இன்னைக்கு அதை நான் எடுத்துட்டு வரல அவ்வளவுதான். சைக்கிளுக்கும் ஜிஎஸ்டி கட்டித்தான் வாங்குனோம், போன வருசம் வரைக்கும் 12 பர்சண்ட், 2025 செப்டம்பர்ல தான் 5 ஆக்குனாங்க. பஞ்சாயத்து ரோடு ஊட்டு வரியிலயும் பொதுப்பணத்துலயும் போடறது. அப்படிப் பாத்தா மாட்டு வண்டி, ஆடு, நாய் எல்லாத்துக்கும் பில் கேக்கோணும்.

சங்ககிரி_12வீல் | ஞாயிறு இரவு 9.15

நான் லாரி ஓட்றவன், இப்பதான் லோடு எறக்கீட்டு பாத்தேன். வக்கீல் சார் சொன்னது சரி, ஆனா ரோட்ல சட்டம் வந்து காப்பாத்தாது தம்பிங்களா, அதனால நாங்க மேல உக்காந்து என்ன பாக்கறோம்னு சொல்றேன் கேளுங்க.

என் கேபின்ல உக்காந்தா இடது முன் சக்கரத்த ஒட்டி ஒரு சைக்கிள் நின்னா எனக்கு தெரியவே தெரியாது. கண்ணாடில வராது, ஜன்னல்லயும் வராது. முன்னாடி கிளீனர் இருப்பான், இடது பக்கம் தலைய வெளிய நீட்டி பாடிய ரெண்டு தட்டு தட்டுனா நில்லுன்னு அர்த்தம், கத்துவான், "ஆளு ஆளு"ன்னு. இப்ப கிளீனர் யாரும் வர்றதில்ல, சம்பளம் கட்டுபடியாகலைன்னு ஓனரும் போடறதில்ல, தனி ஆளா தான் ஓட்றோம். சிக்னல்ல நான் நிக்கும்போது நீங்க இடது பக்கமா பூந்து முன்னாடி வந்து நிக்கறீங்க பாருங்க, அங்கதான் சாவு இருக்கு. லெப்ட்ல திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்துல பின் சக்கரம் போகாது, உள்வாங்கி வரும், அந்த இடைவெளில சைக்கிள் இருந்தா முடிஞ்சுது. லாரி பின்னாடி நில்லுங்க, இல்ல டிரைவர் மூஞ்சி உங்களுக்கு தெரியற அளவுக்கு நல்லா முன்னாடி போயி நில்லுங்க. என் மூஞ்சி உங்களுக்கு தெரியலீன்னா உங்க மூஞ்சியும் எனக்கு தெரியாது.

இன்னொன்னு வேகம். 60ல போனாலே ஒரு செகண்டுக்கு 16, 17 மீட்டர் போயிரும். சைக்கிள் பள்ளத்த பாத்து திடீர்னு வலது பக்கம் வெட்டுனா நான் கால பிரேக்குக்கு கொண்டு போறதுக்குள்ள அந்த தூரம் தீந்துரும், அப்பறம் பாரம் ஏத்துன வண்டி நிக்கறதுக்கு தனியா தூரம் வேணும். நாங்க ஆரன் அடிக்கறது எல்லாம் திட்டறதுக்கு இல்ல தம்பி, "நான் வர்றேன், வெட்டாத"ன்னு சொல்றதுக்கு. நீங்க அத கோவமா எடுத்துக்கறீங்க. காருக்காரன் அடிக்கறது வேற, அது கோவம்தான் 😄

நான் தாண்டும்போது காத்து முதல்ல வெளிய தள்ளும், அப்பறம் உள்ள இழுக்கும், ஹேண்டில இறுக்கிப் புடிங்க. அந்த நேரத்துல ஒத்தக்கைல செல்போன் பாக்காதீங்க.

மொபட்_மாப்ள | ஞாயிறு இரவு 9.22

லாரிக்கார அண்ணனுக்கு ஒரு சல்யூட். ஆனா அந்த மூணு சுதி ஆரன் மட்டும் கழட்டிருங்கண்ணா, ஊடே ஆடுது

சங்ககிரி_12வீல் | ஞாயிறு இரவு 9.30

என்னுதுல இல்ல தம்பி. அது கோயமுத்தூர் ஈரோடு ஓட்ற பிரைவேட் பஸ்காரங்கள கேளு. மத்திய மோட்டார் வாகன விதி 119ல அந்த ஆரனே கூடாதுன்னு தான் இருக்கு. டைமிங்குக்கு ஓட்றான், பின்னாடி வர்ற பஸ்காரன் முந்தீட்டா கலெக்சன் போச்சு, அவன் கண்ணுக்கு சைக்கிள் தெரியாது ஸ்டாப்புல நிக்கற ஆளு மட்டும் தான் தெரியும்.

திருப்பூர்_கட்டிங்மாஸ்டர் | திங்கள் காலை 6.50

நேத்துல இருந்து படிச்சுட்டிருக்கேன் ஒருத்தரும் சொல்லாததால எழுதறேன். நீங்க பேசறது எல்லாம் ஞாயித்துக்கெழம சைக்கிள். எங்க ஊர்ல தெனமும் சைக்கிள் தானுங்க. வெடியால எட்டு மணிக்கு மங்கலம் ரோடு, தாராபுரம் ரோடு, பி.என்.ரோடு எல்லாத்துலயும் நின்னு பாருங்க, கம்பெனிக்கு போற ஆளுக சைக்கிள்ல வர்றது. எட்டரைக்குள்ள உள்ள போகலீன்னா கால் ஷிப்ட் வெட்டு. கம்பெனி வேன் டிரைவருக்கும் அதே எட்டரை, அவன் மூணு ஊர்ல ஆள் எடுத்துட்டு வெசையா வர்றான். ரெண்டு பேரும் ஒரே கேட்டுக்குள்ள போகப் போறவங்க, ரோட்டுல ஒருத்தன ஒருத்தன் திட்டிக்கறாங்க. ராத்திரி ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு எட்டரைக்கு மேல விடறப்ப இன்னும் மோசம், இருட்டு, தூக்கம், லைட்டு கெடையாது.

என்ற டேபிள்ல வேல செய்யற பையன ஒரு கார் தட்டி விட்டுட்டு போயிருச்சு, கைல கட்டு. அவன் யாரையும் திட்டல, எந்த கார்னு சொல்லவும் தெரியல, எந்திரிச்சு சைக்கிள நிமித்தீட்டு நேரா கம்பெனிக்கு வந்துட்டான் ஏன்னா லீவு போட்டா சம்பளம் போயிரும். அவனுக்கு இந்த மாதிரி எழுதி கேக்கறதுக்கும் ஆள் இல்ல.

பழனிரோடு_77 | திங்கள் காலை 7.35

வடக்கத்திப் பசங்கள சொல்றீங்களா? அவனுக தான் மொத காரணமே. லைட்டு இல்ல ரிப்ளெக்டர் இல்ல, ராங் சைடுல எதுக்கவே வர்றானுக, மூணு பேரு வரிசையா, போன்ல பாட்டு. [மீதி நிர்வாகியால் நீக்கப்பட்டது]

நிர்வாகி | திங்கள் காலை 8.02

ஊரு, சாதி, மொழி பேரு சொல்லி திட்டறது இங்க வேணாம். பழனிரோடு_77க்கு ஒரு எச்சரிக்கை. ராங் சைடு விசயம் பேசலாம், அத பேசுங்க.

திருப்பூர்_கட்டிங்மாஸ்டர் | திங்கள் மதியம் 1.40

சாப்பாட்டு நேரம், சுருக்கமா சொல்லீர்றேன்னு ஆரம்பிச்சா நீண்டு போகும் மன்னிச்சுக்கோங்க. ராங் சைடுல வர்றாங்க, நெசம்தான், நம்மூரு ஆளுகளும் வர்றாங்க பேரு மட்டும் அவனுக்கு. ஏன் வர்றான்னு பாருங்க. நாலு வழி போட்டு நடுவுல சுவரு கட்டியாச்சு, ரூம்பு ரோட்டுக்கு இந்தப்பக்கம், கம்பெனி அதே பக்கம் அரை கிலோமீட்டர் பின்னாடி. சரியான பக்கத்துல போகோணும்னா ஒரு கிலோமீட்டர் நேரா போயி திரும்பி, மறுபடி தாண்டி வந்து மறுபடி திரும்போணும். கார்ல அது ரெண்டு நிமிசம் ஏசி காத்துல. பன்னண்டு மணி நேரம் நின்னு வேல செஞ்சவன் கால் மிதிக்காது. யாரா இருந்தாலும் ராங்ல தான் வருவான், நீங்களும் வருவீங்க.

சைக்கிளு மூணாங்கை நாலாங்கை, ஊருக்கு போறவன் விட்டுட்டு போனத புதுசா வந்தவன் வாங்கறான். பிரேக் கட்டை தேஞ்சிருக்கும், பின்னாடி செவப்பு கண்ணாடி ஒடஞ்சிருக்கும். அத மாத்தோணும்னு அவனுக்கு சொல்றதுக்கு ஆள் இல்ல. எங்க கம்பெனில நாங்களே மிச்சம் இருந்த ஒளிர் டேப்ப வாங்கி மட்கார்டுலயும் பெடல்லயும் ஒட்டி உட்டோம், பெடல்ல ஒட்டறது நெம்ப நல்லது, மேல கீழ போறதால தூரத்துலயே தெரியும். ஓனருக்கு இதுல செலவுன்னு பெருசா ஒன்னும் இல்ல.

கவுண்டம்பாளையம்_கார் | திங்கள் மதியம் 2.15

மாஸ்டர் நீங்க சொல்றது வேற, நான் சொன்னது வேற. வேலைக்கு போறவன நான் ஒரு நாளும் ஆரன் அடிச்சதில்ல, அவன் ஓரமாத்தான் போறான்.

திருப்பூர்_கட்டிங்மாஸ்டர் | திங்கள் மதியம் 2.19

ஓரமா போறான் இல்லீங்க, மண்ணுக்குள்ள எறங்கீர்றான். அதனாலதான் உங்களுக்கு சண்டை வரல. பேரூர் தம்பி எறங்க மாட்டேன்னாரு, சண்டை வந்துச்சு.

பேரூர்_பெடல் | திங்கள் மதியம் 2.34

👏 இதத்தான் நேத்துல இருந்து சொல்ல தெரியாம முட்டீட்டிருந்தேன்

ரோடுகான்ட்ராக்ட்_பல்லடம் | திங்கள் இரவு 8.45

அந்த மண்ணப் பத்தி நான் பேசலாமுங்களா, இது என் தொழிலு.

புதுசா ரோடு போட்டப்ப தாரும் ஓரத்து மண்ணும் ஒரே மட்டத்துல தான் இருக்கும். அப்பறம் சில வருசம் கழிச்சு மேல ஒரு லேயர் போடுவோம், பி.சி.ன்னா (மேல் தார் பூச்சு) 30, 40 மில்லிமீட்டர், அடில டி.பி.எம்.மும் (அதுக்கு கீழ போடற கெட்டியான தார் ஜல்லி) சேத்தா 50க்கு மேல எச்சா ஏறும். ரெண்டு மூணு தடவ இப்படி மேல மேலயே போட்டா அரை அடி ஒசரம் ஏறிரும், அதுதான் நீங்க சொல்ற பள்ளம். ஒவ்வொரு தடவையும் ஓரத்துல கிராவல் கொட்டி தண்ணி உட்டு ரோலர் ஓட்டி பெர்ம், அதாவது தாருக்கு பக்கத்து மண் ஓரம், கட்டோணும், எஸ்டிமேட்லயே இருக்கும். ஆனா பெர்ம் வேல கடைசில வரும், அதுக்குள்ள எல்லாரும் சலிச்சு போயிருப்பாங்க, நல்ல கிராவலுக்கு பதிலா பக்கத்துல தோண்டுன மண்ணையே தள்ளி உட்டுருவாங்க. ஐப்பசி மழைல ஒரே வாரத்துல கரைஞ்சு ஓடிரும். நான் அப்படி பண்றதில்லைன்னு சொன்னா நம்பவா போறீங்க, உடுங்க.

பழைய தாரை சொரண்டி எடுத்துட்டு (மில்லிங்) அதே மட்டத்துல போட்டா இந்த பிரச்சனையே வராது. டவுனுக்குள்ள ஊட்டு வாசல் கீழ போயிருதுன்னு ஜனங்க சண்டை புடிச்சதால அங்க சில ரோட்டுல பண்றாங்க. ஊருக்கு வெளிய கேக்கறதுக்கு ஆள் இல்ல. ஓரத்துல நடக்கறவனும் சைக்கிள்ல போறவனும்தான் அத கேக்கோணும், அவங்க கேக்க மாட்டாங்க.

இதுக்கு மேல குடிதண்ணி பைப்பு, பாதாள சாக்கடை, இண்டர்நெட் கேபிள்னு யாரு தோண்டுனாலும் இடது ஓரத்துலதான் தோண்டுவாங்க. மூடுனது எறங்கும். வெள்ளைக் கோட்டுக்கு அந்தப்பக்கம்னு ஒரு ஒன்றரை அடி இருக்கு பாருங்க, அதுல குழி, மணலு, நிறுத்தி வெச்ச காரு, இளநீ வண்டி, எதுக்க வர்ற பைக்கு எல்லாம் இருக்கும். சைக்கிள்காரன் உள்ள வந்தா கார்காரன் கோவிச்சுக்கறான். என்னைக் கேட்டா இது ஆளுக சண்டையே இல்ல.

மெல்போர்ன்_சென்னிமலை | செவ்வாய் காலை 5.10

இங்க ஆஸ்திரேலியாலயும் சைக்கிள்காரனும் கார்காரனும் நாயும் பூனையும் தான், அதுல ஒன்னும் வித்தியாசம் இல்லீங்க, ஜன்னல எறக்கி திட்டறது இங்கயும் உண்டு. ஆனா அளவு வெச்சுட்டாங்க. குயின்ஸ்லாந்துல 60 வேகம் வரைக்கும் ரோட்டுல தாண்டும்போது ஒரு மீட்டர், அதுக்கு மேலன்னா ஒன்றரை மீட்டர் விடோணும். அதுக்கு எடம் இல்லீன்னா பின்னாடி காத்திருக்கோணும். இங்கிலாந்துலயும் 2022 ஜனவரில நெடுஞ்சாலை விதிப் புத்தகத்த மாத்தி, பெரிய வண்டிக்காரனுக்கு எச்சு பொறுப்புன்னு எழுதீட்டாங்க. நம்மூர்ல ஜாக்கிரதையா போங்கன்னு மட்டும் இருக்கு, எவ்வளவுன்னு இல்ல. "ஒரசீட்டு போனான்"னு ஸ்டேசன்ல சொன்னா "எங்க, படலையே"ன்னு தான கேப்பாங்க?

கவுண்டம்பாளையம்_கார் | செவ்வாய் காலை 7.20

தடாகம் ரோட்டுல ஒன்றரை மீட்டர் விட்டா நான் எதுத்த ஊட்டு திண்ணைல தான் ஏறோணும்.

மெல்போர்ன்_சென்னிமலை | செவ்வாய் காலை 7.31

அப்ப காத்திருங்க மாமா 😀

சூலூர்_சுந்தரி | செவ்வாய் காலை 10.40

நான் கார், ஸ்கூட்டி ரெண்டும் ஓட்றேன், என் பங்குக்கு. எனக்கு சைக்கிள்காரங்கள விட அந்த வெள்ளை எல்ஈடி லைட்டு தான் எமன். எதுக்க வர்றவன் டிம் பண்றதே இல்ல, கண்ணு குருடாகி மூணு செகண்டு ஒன்னுமே தெரியாது, அந்த மூணு செகண்டுல முன்னாடி லைட்டில்லாத சைக்கிள் இருந்தா யாரு தப்பு? என் தப்பா, சைக்கிள் தப்பா, எதுக்க வந்தவன் தப்பா? மூணாவது ஆளு நிக்காம போயிருவான், நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குவோம். எல் அண்ட் டி பைபாஸ்ல ராத்திரி போறவங்களுக்கு இது புரியும்.

அப்பறம் பேரூர் தம்பி, கோச்சுக்காதீங்க, உங்க சைக்கிள்ல கண்ண சிமிட்ற லைட்டு ஒன்னு இருக்குதே அதையும் கொஞ்சம் தரைய பாத்து சாய்ச்சு வெய்ங்க.

வெள்ளகோவில்_வக்கீல் | செவ்வாய் மதியம் 1.05

மாஸ்டர் சொன்ன பையன் விசயம் மனசுல நின்னுருச்சு, அதுக்காக இது.

தட்டீட்டு நிக்காம போயி, எந்த வண்டின்னே தெரியலீன்னா கூட நஷ்ட ஈடு இருக்கு. 2022 ஏப்ரல்ல இருந்து பலத்த காயத்துக்கு 50,000, உயிர் போனா 2 லட்சம். எலும்பு முறிஞ்சா பலத்த காயம்தான். மனு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல குடுக்கோணும், ஆர்.டி.ஓ.ன்னா லைசென்ஸ் குடுக்கற ஆபீஸ் இல்லீங்க, வருவாய் கோட்டாட்சியர், நெறைய பேரு அங்க போயி அலைஞ்சுட்டு வர்றாங்க. எஃப்.ஐ.ஆர். வேணும், ஆஸ்பத்திரி பேப்பர் வேணும். பீகார்காரனா இருந்தாலும் நம்மூர்காரனா இருந்தாலும் ஒன்னுதான்.

வண்டி தெரிஞ்சா அதோட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்ல கிளெய்ம், சைக்கிள்ல போனவருக்கும் கண்டிப்பா உண்டு. அடிபட்டா மொத 48 மணி நேர சிகிச்சைக்கு அரசாங்கத்தோட இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கு, 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது, திட்டத்துல சேந்த பிரைவேட் ஆஸ்பத்திரிலயும் செல்லும், எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும் செல்லும். ஆள தூக்கீட்டு போயி சேத்துனவர போலீஸ் இழுக்கடிக்கக் கூடாதுன்னும் மோட்டார் வாகன சட்டத்துல இருக்கு, 134ஏ. பயந்துட்டு நின்னு போன்ல படம் புடிக்காதீங்க.

ரோட்டு பாதுகாப்புக்கு சுப்ரீம் கோர்ட் கமிட்டி வெச்சதே நம்ம கோயமுத்தூர்காரரு போட்ட கேஸ்ல தான், தெரியுமா? கங்கா ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் எஸ்.ராஜசேகரன், 2012ல பொதுநல வழக்கு போட்டாரு, 2014ல நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமைல கமிட்டி போட்டாங்க. தெனமும் ஒடஞ்ச எலும்ப பாத்து பாத்து சலிச்ச மனுசன் நேரா டெல்லிக்கு போயிட்டாரு.

பழனிரோடு_77 | செவ்வாய் மதியம் 1.30

நேத்து பேசுனது எச்சுதான் உடுங்க. அந்த டேப்பு எங்கீங்க கெடைக்கும்? எங்க கோழிப்பண்ணைலயும் பத்து பசங்க சைக்கிள்ல தான் வர்றாங்க.

திருப்பூர்_கட்டிங்மாஸ்டர் | செவ்வாய் மதியம் 1.52

லாரிக்கு பாடி கட்டற எடத்துல, இல்ல ஆட்டோ உதிரி கடைல கேளுங்க. பின்னாடிக்கு செவப்பு, முன்னாடிக்கு வெள்ளை, மாத்தி ஒட்டீராதீங்க. எண்ணெய் பிசுக்க தொடச்சுட்டு ஒட்டுங்க.

மொபட்_மாப்ள | செவ்வாய் மாலை 6.10

அவினாசி ரோட்டுல 10 கிலோமீட்டருக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபர்ல தொறந்தாச்சு, கார் எல்லாம் மேல போகுது. அப்ப கீழ மிச்சமான எடத்துல சைக்கிளுக்கு ஒரு வரிசை ஒதுக்குனா என்னவாம்? சும்மா கேட்டேன்

ரோடுகான்ட்ராக்ட்_பல்லடம் | செவ்வாய் மாலை 6.55

ஒதுக்கலாம். பெயிண்ட் மட்டும் அடிச்சா அடுத்த நாளே அதுல கார் நிக்கும். நடுவுல கல்லு வெக்கோணும். கல்லு வெச்சா கடைக்காரங்க வாடிக்கையாளர் நிறுத்த எடமில்லைன்னு வருவாங்க. இதெல்லாம் பேசி முடிக்க ஒரு ஆபீசருக்கு தெம்பு வேணுமுங்க.

கோபி_அம்மணி | செவ்வாய் இரவு 8.20

இந்த இழைய மொத்தமா இப்பதான் படிச்சனுங்க. எனக்கு சைக்கிள் கிளப்பும் தெரியாது சட்டமும் தெரியாது. என்ற பொண்ணுக்கு பிளஸ் ஒன்ல கவர்மெண்ட் சைக்கிள் குடுத்திருக்காங்க, அதுலதான் ஸ்கூலுக்கு போறா. மெயின் ரோட்டுல கொஞ்ச தூரம் போகோணும், கரும்பு லோடும் டிப்பரும் ஓடற ரோடு. அந்த கான்ட்ராக்ட் அண்ணன் சொன்ன மாதிரியே ஓரம் பள்ளம். பஸ் வந்தா எறங்கி நிப்பாளாம், போன மாசம் எறங்கும்போதே உளுந்து முட்டிய தேச்சுட்டு வந்தா. அவங்கப்பா பஸ்ல போன்னு சொல்றாரு, பஸ் அந்த நேரத்துக்கு இல்ல. யாருகிட்ட போயி சொல்லோணுங்க இதை? பஞ்சாயத்து தலைவர் எங்க ரோடு இல்லைன்னுட்டாரு.

ரோடுகான்ட்ராக்ட்_பல்லடம் | செவ்வாய் இரவு 8.47

அக்கா, அவரு சொன்னது நெசமாத்தான் இருக்கும். ரோட்டோரம் கிலோமீட்டர் கல்லு இருக்கும் பாருங்க, அதோட தலைல என்ன கலர் அடிச்சிருக்காங்க? மஞ்சள்னா நேசனல் ஹைவே, பச்சைன்னா ஸ்டேட் ஹைவே.

கோபி_அம்மணி | செவ்வாய் இரவு 9.05

பச்சைங்க. பொண்ணக் கேட்டேன், டக்குனு சொல்லீட்டா.

ரோடுகான்ட்ராக்ட்_பல்லடம் | செவ்வாய் இரவு 9.24

அப்ப மாநில நெடுஞ்சாலைத் துறை. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர் நாள் நடக்கும், மனு அங்க குடுங்க, நகல நெடுஞ்சாலை கோட்டப் பொறியாளருக்கும் போடுங்க. வேகத்தடை வேணும்னு மட்டும் எழுதாதீங்க, பெரிய ரோட்டுல அதுக்கு நூறு காரணம் சொல்லி தட்டி கழிப்பாங்க. "இந்த கல்லுல இருந்து இந்த கல்லு வரைக்கும் ரெண்டு பக்கமும் பெர்ம் மண் அரிச்சு பள்ளமா இருக்கு, பள்ளிக்கூட பிள்ளைங்க சைக்கிள்ல போறாங்க, கிராவல் நிரவி தார் மட்டத்துக்கு கொண்டு வரணும்"னு எழுதுங்க. அது அவங்க பராமரிப்பு வேலைலயே வரும், தனி பணம் தேவையில்லைன்னு அவங்களுக்கே தெரியும். பள்ளத்துல ஒரு ஸ்கேல நிறுத்தி வெச்சு போட்டோ எடுத்து ஒட்டுங்க.

வெள்ளகோவில்_வக்கீல் | செவ்வாய் இரவு 9.40

ஸ்கூல் ஹெச்.எம். கையெழுத்தும் அதே ரோட்டுல சைக்கிள்ல வர்ற மத்த பிள்ளைங்க அப்பா அம்மா கையெழுத்தும் வாங்கிக்கோங்க அக்கா. ரசீது நம்பர் வாங்காம வராதீங்க.

கோபி_அம்மணி | செவ்வாய் இரவு 9.58

சரிங்க. ஸ்கேலு அவ பேக்லயே இருக்குது, நாளைக்கு போறப்பவே போட்டோ எடுக்கச் சொல்றேன்.

சங்ககிரி_12வீல் | செவ்வாய் இரவு 10.15

அம்மணி, பொண்ணத் தனியா ரோட்டோரம் குனிஞ்சு போட்டோ எடுக்க விடாதீங்க. நீங்க கூட போயி, ஒருத்தர் வண்டி வர்ற பக்கம் பாத்து நில்லுங்க.

கோபி_அம்மணி | செவ்வாய் இரவு 10.21

ஆமாங்கண்ணா, நானே போறனுங்க.